பதினோராம் கட்டை

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் மைற்கற்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. 1972-ஆம் ஆண்டின் நிறுத்தல் முகத்தல் அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. சாலையோரக் கற்களும் படிப்படியாக மாறின. ஆயினும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களைக் கேட்டால் இன்றும் கட்டைக் கணக்கில்தான் வழி சொல்வோம். மைற்கல்லைக் 'கட்டை' என்பது நம் மக்களின் வழக்கு. "எட்டாங்கட்டையில் இறங்கி உள்ளே நட" என்றால் போதும்; ஆள் வந்து சேர்ந்துவிடுவார். எங்கள் தோட்டம் பதினோராம் கட்டையில் இருந்தது.

இச்சாலையைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டார். என் தாயாரை விட்டுவிட்டு இச்சாலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மாணவச் செல்வங்கள் பொறுத்தருள வேண்டும்.

நாம் தெப்ராவ் சாலை என்று அழைப்பது, அரசாங்க ஏடுகளில் கூட்டரசுச் சாலை எண் 3. ஜொகூர் பாருவில் தொடங்கி, தெப்ராவ், உலு திராம், கோத்தா திங்கி, மெர்சிங் என்று சென்று, பின்னர்க் கீழைக் கடற்கரையைப் பற்றிக்கொண்டு குவாந்தான், கோல திரங்கானு, கோத்தா பாரு ஆகிய நகரங்களைத் தாண்டித் தாய்லாந்து எல்லையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் முடிகிறது. எழுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்நெடும் வழியில் எங்கள் தோட்டத்து மக்கள் அறிந்தது பெரும்பாலும் முதல் இருபது கிலோமீட்டர்தான். ஒரு முனையில் பட்டணம். மறுமுனையில் உலு திராம். திராம் என்றால் மலாய் மொழியில் சிப்பி; உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி. பெயரிலேயே ஆறு இருப்பதற்குக் காரணம் உண்டு. சாலை பிறப்பதற்கு முன்னர் இப்பகுதியில் ஆறுகளே சாலைகளாக இருந்தன.

தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் அவர்களின் காலத்தில், 1844-இல், தெப்ராவ் ஆற்றங்கரையில் சீனர்கள் குடியேறிக் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். ஆற்றுக்கு ஒரு தலைவர். அவரைக் கங்சு என்பர். கம்பீர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிட உதவியது. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்காகக் காடு அழிந்தது. சில ஆண்டுகளில் மண்ணும் வலுவிழந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. கங்சு முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. ரப்பருக்கு ஆற்றைவிடச் சாலையே தேவை. 1909-இல் திறக்கப்பட்ட ஜொகூர் இரயில் பாதையோ கூலாய், குளுவாங், சிகாமட் பக்கமாகச் சென்றுவிட்டது. எங்கள் திசைக்கு இரயில் வரவேயில்லை. ரப்பர்த் தாள்கள் வெளியே போவதற்கும் அரிசி மூட்டை உள்ளே வருவதற்கும் இந்த ஒரு சடக்குதான்.

என் தாத்தா தமிழகத்திலிருந்து வந்து இச்சாலையில் இறங்கியவர். தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் வந்து சேர்ந்துவிட்டார். என் தாயார் 1941 நவம்பரில் பதினோராம் கட்டை லயத்தில் பிறந்தார். தோட்டத்து மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தார். பட்டணத்துக்குச் சென்று பிறப்பைப் பதிய வேண்டும் என்று கிராணியார் சொன்னாராம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். பிள்ளைக்கு முப்பது கழியட்டும், பிறகு போகலாம் என்று தாத்தா இருந்துவிட்டார்.

டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். இதே சாலையின் வட கோடிக்கு அருகேதான் அது! மெர்சிங்கைக் காத்து நின்ற ஆஸ்திரேலிய 22-ஆம் படைப்பிரிவு ஜனவரி இறுதியில் கோத்தா திங்கி வழியாக இச்சாலையிலேயே பின்வாங்கியது. இராணுவ லாரிகளின் இரைச்சலில் பச்சைக் குழந்தை உறங்கவில்லை என்று பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். ஜனவரி 31-இல் சிங்கப்பூருக்குச் செல்லும் பாலம் தகர்க்கப்பட்டது. பிறப்பைப் பதிவது யாருக்கு நினைவிருக்கும்? 1943-இல் தாத்தாவைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். அதே சாலையில், ஒரு லாரியில். அவர் திரும்பவில்லை.

போர் முடிந்தது, நாடு 1957-இல் விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு மனுச் செய்யுமாறு தோட்டத்துக்கு வந்து சிலர் கூறியதாகப் பாட்டி சொல்வார். மனுச் செய்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் செய்யவில்லை. என் தாயாருக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், வாக்களிக்க இயலாது. முப்பத்தைந்து ஆண்டுகள் இம்மண்ணின் பால்மரத்தைச் சீவியவர் அவர். தேர்தல் நாளில் எங்களோடு வாக்குச் சாவடிவரை வருவார். நாங்கள் உள்ளே செல்வோம். அவர் வெளியே மரநிழலில் அமர்ந்திருப்பார். "நீங்க போயிட்டு வாங்க" என்பார். அதில் குறைபடும் தொனி இராது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் கால் கூசும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்த் தோட்டமே விற்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சாலையும் நடுவே தடுப்பு வைத்து அகன்றது. 2011-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட செனாய் - டேசாரு விரைவுச்சாலை உலு திராம் அருகே இதனைக் கடந்து செல்கிறது. வசதிதான், நான் மறுக்கவில்லை. முன்பு பேருந்துக்குக் காத்துக் காத்துப் பள்ளிக்குப் பிந்தியவன் நான்.

தாயாருக்காகப் பலமுறை மனுச் செய்தோம். பிறந்த இடம் எது என்று கேட்பார்கள். "பதினோராம் கட்டை" என்பார். அப்படி ஓர் இடம் இப்போது இல்லையே என்பார்கள். பிறந்ததை அறிந்த சாட்சி உண்டா என்பார்கள். மருத்துவச்சி இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருமுறை, பக்கத்து லயத்திலிருந்த, அவரைவிடப் பத்து வயது மூத்த பெரியம்மா ஒருவரை மகிழுந்தில் ஏற்றிச் சென்றோம். அந்த அம்மையார் மேசைக்கு முன் நின்று, "நான்தான் வெந்நீர் சுமந்தேன்" என்றார்.

2019-இல், எழுபத்தேழு வயது நிறைந்த பின், நீல அட்டை கிடைத்தது. வாங்கிக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து திரும்பினோம். அட்டையைக் கைப்பையில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். தெப்ராவைத் தாண்டியதும், "தம்பி, கட்டை வந்தா கொஞ்சம் நிறுத்து" என்றார்.

லயம் இருந்த இடத்தில் எண்ணெய் நிலையமும் கடைவரிசையும் இருந்தன. பின்னால் கொள்கலன் லாரிகள் நெருக்கி வந்தன. நிறுத்துவதற்கு ஓரமில்லை. "அதோ அம்மா, அந்த மேடுதான்" என்று மட்டும் சொன்னேன். அவர் இருக்கையில் முழுதும் திரும்பி, பின் கண்ணாடி வழியே அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.