இரண்டு அவுன்ஸ்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். குத்தகைக்கு மூன்று மா நிலம், ஒரு பசு, அம்மாவின் கூலி வேலை... இவைதான் என்னைப் பாலிடெக்னிக்கில் கொண்டுவந்து சேர்த்தன. முதல் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

படித்தவன் என்ற கர்வம் மட்டும் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சம்பா நடவுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

"ஏம்ப்பா வீணா சுமக்கறீங்க? செடி மண்ணைத் தின்னு வளரல."

"பின்னே எதைத் தின்னுதாம்?" கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

நூலகத்தில் படித்ததை அவிழ்த்து விட்டேன். வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடத்தில் மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ வெறும் 2 அவுன்ஸ்! எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் நினைத்தார். 1648-ல் அந்தச் சோதனை நூலாக வெளிவந்தது. காற்றுக்கும் பங்குண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. இலையின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு நுழைகிறது. வேர் தண்ணீர் அனுப்புகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து இரண்டையும் சர்க்கரையாக்குகிறது. நெல்மணியில் இருக்கும் மாவும் அப்படி வந்ததுதான்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரி தம்பி. அந்த ரெண்டு அவுன்ஸ் எங்க போச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கல்லூரி திரும்பியதும் தேடிப் படித்தேன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் நெல் அதை நேராக எடுக்க முடியாது. எரு மக்கி, சத்துகள் நீரில் கரைந்த பிறகே வேர் உறிஞ்சும். பச்சையத்துக்கே நைட்ரஜனும் மக்னீசியமும் வேண்டும். அறுவடைக்கு முன் அப்பா விதைக்கும் உளுந்தின் வேர்முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. அவர் காரணம் தெரியாமலே செய்துவந்த காரியம்!

நட்ட மூன்றாவது வாரம் பயிரின் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். அப்பா கடனுக்கு இன்னொரு மூட்டை யூரியா வாங்கப் போனார். சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்த நான் தடுத்தேன். திங்களன்று இருவரும் நாலு குத்துப் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனோம். துத்தநாகச் சத்துக் குறைவு என்றார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கலந்து தெளித்தோம். புதுக்குருத்து பச்சையாக வந்தது. குத்தகை நெல் அளந்தது போகச் சாப்பாட்டுக்கும் மிஞ்சியது.

நண்பர்களே! அந்த விஞ்ஞானி சிறிதென்று விட்டுவிட்ட 2 அவுன்ஸை, படிக்காத என் அப்பா விடவில்லை. அம்மாவின் தோடும் எடை பார்த்தால் கொஞ்சம்தான். இன்னும் அடகிலிருந்து மீட்கவில்லை. டிப்ளமோ முடித்து முதல் சம்பளத்தில் மீட்க வேண்டும்.

இந்த விடுமுறையில் எருக்கூடை என் தலையில்.

— முதலாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்