சுக்கானைப் பிடித்திருந்தது யார்?



புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கேரளத்தைச் சேர்ந்த தில்னா என்னும் இரு கடற்படை அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததைச் செய்திகளில் வாசித்திருப்பீர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள், 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகின் நீளம் 56 அடி. நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தை விட்டபின், தென் பசிபிக்கைக் கடந்து, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, போர்ட் ஸ்டான்லியை அடையும்வரை ஏறக்குறைய ஒன்றரை மாதம் அவர்கள் கரையேறவில்லை.

எல்லாரும் அலைகளின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ வேறொரு கேள்வி. இருவரே உள்ள படகில் தூங்குவது எப்படி?

நடுக்கடலின் ஆழத்தில் நங்கூரம் எட்டாது. இரவென்று படகு நிற்பதுமில்லை. ஆகவே இத்தகைய பயணங்களில் நாள் என்பது காவல் முறைகளால் பகுக்கப்படுகிறது. நம் வேதாகமம் ‘ஜாமம்’ என்று சொல்வது இதைத்தான். இருவர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஒருவர் மேலே, மற்றவர் கீழே. திசையைத் தானியங்கிக் கருவி காத்துக்கொள்ளும். ஆனால் காற்று திரும்புவதையும், பாய் உரசித் தேய்வதையும், தொலைவில் ஒரு கப்பலின் விளக்கு தோன்றுவதையும் கவனிக்க மனிதக் கண் வேண்டும். மேலே இருப்பவர் தம் உடலைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்கிறார். கீழே படுப்பவர் உருண்டு விழாதபடி படுக்கையோரத்தில் துணித் தடுப்பைக் கட்டிக்கொள்கிறார். படகு சாயும்போதெல்லாம் அடுப்பும் ஊசலாடுமாகையால், ஒரு குவளைத் தேநீர் வைப்பதுகூட அங்கே சிறு சாகசம்தான்! நேரம் வந்ததும் காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் பாயின் நிலையையும் குறிப்பேட்டில் எழுதி, வாயாலும் சொல்லி, காவலை ஒப்படைக்கிறார்கள்.

ஒப்படைத்தபின் தூங்கவும் வேண்டுமே. அலையைவிட அதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

மாற்கு நான்காம் அதிகாரத்தை வாசிக்கும்போது, காற்றை அதட்டிய இடத்துக்கு நம் மனம் விரைகிறது. சற்று முன்னே நில்லுங்கள். ஆண்டவர் படகின் பின்னணியத்தில் தலைசாய்த்து உறங்குகிறார். அப்படியானால் சுக்கானைப் பிடித்திருந்தது யார்? பகலெல்லாம் போதித்துக் களைத்த தம் சரீரத்தை அவர் அந்தச் சீஷர்களின் விழிப்புக்கு ஒப்புவித்துப் படுத்தார். உறக்கமே இல்லாதவர் என்று 121ஆம் சங்கீதம் அறிக்கையிடும் தேவன், மாம்சத்தில் வந்தபோது, தாம் தூங்குவதற்கு வேறொருவர் விழித்திருக்க வேண்டியதாயிற்று. கெத்செமனேயிலோ அவர் அந்தத் துணையை வாய்விட்டே கேட்டார். மூவரும் உறங்கிப்போனார்கள்.

நம் சபையில் ஒரு சகோதரி, படுத்த படுக்கையாயிருக்கும் தம் மாமியாரை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். படுக்கைப்புண் வராதபடி, இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த வீட்டில் முறை மாற ஆளில்லை. சென்ற வாரம் நானும் என் மனைவியும் அங்கே ஜெபித்து முடித்துக் கண் திறந்தபோது, சகோதரி நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்கியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. மாலைவரை அங்கேயே இருந்தோம்; அம்மாவை இருமுறை என் மனைவி புரட்டிப் படுக்கவைத்தார். கர்த்தர் பெலன் தருவார் என்று வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அன்று என் வாயில் எழவில்லை. அவருக்கு அப்போது வேண்டியிருந்தது தூக்கம்.

செவிலியராகப் பணியாற்றும் நம் சபைச் சகோதரி ஒருவர், இந்த வேலையை மற்றச் சகோதரிகளுக்குக் கற்றுத்தர முன்வந்திருக்கிறார். வரும் சனிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை காவல் எங்கள் வீட்டாருடையது. இரண்டு மணிக்கு எங்களை மாற்ற ஒருவர் வேண்டும்.