கூலியும் குறிப்பேடும்

சென்ற கோடை விடுமுறையில், என் தாய்மாமன் நடத்திவரும் தையற்கூடத்தில் எனக்கு ஓர் அலுவல் வாய்த்தது. நாட்கூலிக்கு அமர்ந்த ஒன்பது தையற்காரர்கள் வரும் நேரம், போகும் நேரம், தேநீருக்கு எழும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். நன்னூல் படித்த கைக்கு இஃது இழிவென்று முதலில் தோன்றியதை மறைப்பானேன்? ஆயினும் இரண்டே நாளில் அதிகாரத்தின் சுவை பிடித்துவிட்டது.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மின்சாரம் நின்றது. இரண்டரை மணிநேரம் எந்திரங்கள் வாளாவிருந்தன. ஓடாத எந்திரத்திற்குக் கூலி ஏது என்று கருதி, ஒருவரையும் வினவாது, ஒவ்வொருவர் பெயரிலும் அந்நேரத்தைக் கழித்தெழுதினேன். சனிக்கிழமை கூலி வாங்கியபோது எவரும் வாதாடவில்லை. காஜா எந்திரத்தில் அமரும் பெரியவர் மட்டும் பணத்தை இருமுறை எண்ணி, "கணக்குச் சரிதான், தம்பி" என்று சொல்லிச் சென்றார்.

திங்கட்கிழமை முதல் கூடத்தின் இயல்பு மாறிற்று. ஆறு மணியானதும் பாதித் தையலில் ஊசி நின்றது. பிசிறு நூலை வெட்டுவார் இலர். கட்டிங் மாஸ்டர் கையில் அளவு பிசகிய காலர்த் துணியை முன்னெல்லாம் தாமே திருத்திக்கொண்டவர்கள், இப்போது பிசகியவாறே தைத்து வைத்தனர். என் ஏட்டிலோ ஒரு குறையும் இல்லை. அனைவரும் குறித்த நேரத்தில் வந்தனர், குறித்த நேரத்தில் சென்றனர்.

நிற்க. கல்லூரி திறந்தபின் ராபர்ட் ஓவன் என்பாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க் பஞ்சாலைகளின் நிர்வாகத்தை அவர் 1800-இல் ஏற்றார். அயலாராகிய அவரைத் தொழிலாளர் நம்பவில்லை. பின்னர் அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. அவ்வாண்டு 1806 என அவரே குறிக்கின்றார். நான்கு மாதம் ஆலை ஓடவில்லை. எந்திரங்களைத் துடைத்து வைப்பதன்றி வேறு வேலை இல்லாதிருந்தும், ஒரு காசும் குறையாமல் கூலி கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். அதன்பின்னரே அவர்கள் அவரை நம்பினர்.

ஓவன் கண்காணியாதவர் அல்லர். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் கருமை, நீலம், மஞ்சள், வெண்மை என நான்கு நிறம் பூசிய சிறு மரக்கட்டை தொங்கிற்று. முன்னாளின் நடத்தையை அதன் நிறம் காட்டும். ஆனால், தமக்கிட்ட நிறம் முறையன்று என்று எண்ணியவர் அவரிடமே சென்று முறையிடலாம். எனது ஏட்டையோ அவ்வொன்பதின்மருள் ஒருவரும் பார்த்ததில்லை.

மாமா ஓவனைப்போன்ற செல்வர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். துணி கொடுத்தவர் பணம் தரத் தாழ்த்தால், கடன் வாங்கியே கூலி கொடுப்பவர். எனவே அஞ்சி அஞ்சியே அடுத்த விடுமுறையில் அவரிடம் இதனைக் கூறினேன். மேசையிலிருந்து ஏட்டை எடுத்துத் தந்து, "நீ கழித்ததை நீயே கூட்டிக் கொடு" என்றார்.

பணத்தை நானே கொண்டுசென்றேன். பெரியவர் இம்முறையும் இருமுறை எண்ணினார். பின்பு அவ்வேட்டைக் கேட்டு வாங்கி, தம் பெயருக்கு நேரே இருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு நெடுநேரம் படித்தார்.