அண்ணாச்சி, மாமா, சார்
(மும்பைப் பயணம் – 4)

சென்ற வாரம் மாஹிம் ஸ்டேஷனில் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குத்தான் போனேன். இட்லி வேகிற நேரம் அதுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் இருவரில் ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். இருட்டில் ஆவி வாசனையைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு கோலி. ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே தமிழர் உள்பட எல்லாரும் சொல்கிற பெயர் அது. உள்ளே இரண்டு கிரைண்டர், இட்லிக் கொப்பரை, சுவரை ஒட்டி அலுமினியப் பாத்திரங்கள். மிச்சமிருந்த இடத்தில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. எந்தூரு?"

"பாளையங்கோட்டை."

"அட, நம்ம ஊரு! நமக்கு நாங்குநேரி பக்கம்."

"எப்ப வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? அப்பா வந்தாவ. நான் பொறந்தது சயான் ஆஸ்பத்திரில."

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வருடத்தில் பத்து நாள், கோயில் கொடைக்கு மட்டும் ஊருக்குப் போகிறார். ஆனாலும் அதுதான் 'நம்ம ஊரு'. பேச்சில் 'சொல்லுதேன்', 'வாரேன்' எல்லாம் அப்படியே இருக்கின்றன. பாளையங்கோட்டையிலேயே இருக்கிற என் அண்ணன் மகன் இப்போது 'சொல்றேன்' என்கிறான். சினிமாத் தமிழ் இந்தச் சந்துக்குள்ளும் வராமலில்லை. ஆனால் இங்கே பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் இந்தி வந்து உட்கார்ந்துவிட்டது. வியாபாரம் 'தந்தா', வம்பு 'லப்டா'. மற்றதெல்லாம் நெல்லை.

இந்த ஊருக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் முடிச்சு விழுந்தது தோல் பதனிடும் வேலையில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாராவியில் தோல் ஷாப்புகள் எழுந்தபோது அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். பாந்திராவிலிருந்த இறைச்சிக் கூடம் எழுபதுகளில் தேவநாருக்குப் போனது. தோல் ஷாப்புகளும் மெல்லக் குறைந்தன. வந்தவர்கள் திரும்பவில்லை. அந்த வேலைக்குப் போன அப்பாவின் மகன்தான் இப்போது மாவு அரைக்கிறார்.

ஆறு மணிக்குள் சைக்கிள்கள் தயார். பின்கேரியரில் இட்லிப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னியும் சாம்பாரும், கூடவே ரப்பர் பந்து ஹாரன்.

"மாட்டுங்காவுக்குப் போவீங்களா?"

"அங்க எதுக்கு அண்ணாச்சி? அவுக வீட்டுலயே அவிச்சிக்கிடுவாக. நாங்க தாதர், பரேல்னு ஆபீஸ்காரன் பக்கம்."

"அங்கெல்லாம் உங்களை எப்படிக் கூப்பிடுறாங்க?"

"அண்ணாதான். மராட்டி, குஜராத்தி, பீகாரி எல்லாவனுக்கும். என் மவன் சைக்கிள எடுத்தா அவனும் அண்ணா. அவனுக்கு இருவது வயசு. அறுவது வயசுக் கெழவன் அவனை அண்ணாங்கான்!"

இந்த 'அண்ணா'வை என்னால் முழுசாக ரசிக்க முடியவில்லை. முகம் பார்க்காமல் தெற்கத்தியான் எல்லாரையும் ஒரே அச்சில் போடுகிற சொல் அது. 1966-ல் சிவசேனை பிறந்த காலத்தில் இதே ஆட்கள் 'மதராஸி', 'லுங்கிவாலா' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை, அவ்வளவுதான். அதே சமயம், அண்ணா என்பது மராத்தியிலும் மூத்தவரைக் கூப்பிடுகிற சொல். தாராவியின் ஓரத்தில் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றொரு பகுதி இருக்கிறது. பெயரில் மாட்டுங்கா, வாழ்க்கையில் தாராவி. அங்கே குடியிருந்தவர் மராத்தி தலித் எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே. வைத்த பெயர் துக்காராம். ஊர் கூப்பிட்ட பெயரில் அண்ணாவும் உண்டு, அண்ணனைக் குறிக்கும் பாவும் உண்டு.

கிளம்பும்போது மறுசீரமைப்பு பற்றிக் கேட்டேன். 2022-ல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த திட்டம். 2000-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு இங்கேயே இலவச வீடு, மாடியில் இருப்பவருக்கு வேறு கணக்கு.

"வீடு கெடைக்கும்னுதான் சொல்லுதாவ. பதினஞ்சாவது மாடில கொப்பரைய ஏத்தி வைக்க விடுவாவளா? அதைக் கேளுங்க."

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

சயான் வழியாக மாட்டுங்கா அதிக தூரமில்லை. டாக்சியில் ஏறிப் புழுதியைத் தட்டி முடிப்பதற்குள் கிங்ஸ் சர்க்கிள். அகலமான தெரு, நிழல் மரங்கள். 1896-ல் பிளேக் வந்து பம்பாய் செத்துப் பிழைத்த பிறகு, நெரிசலைத் தள்ளி வடக்கே போட்ட திட்டக் குடியிருப்பு இது. ஆபீஸ் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே பிடித்துக்கொண்டார்கள்.

மார்க்கெட்டில் பூக்காரம்மா அழைத்தார்: "மாமா, மல்லி பாருங்கோ." காலையில் அண்ணாச்சியாக இருந்தவன் பத்து மணிக்கு மாமா ஆகிவிட்டேன். வாழை இலைக்கட்டு, முருங்கைக்காய், வறுபடும் காப்பிக்கொட்டை. கண்ணை மூடினால் மாம்பலம்.

கஃபே மெட்ராஸில் வரிசையில் நின்று ரச வடை சாப்பிட்டேன். 1940-லிருந்து நடக்கிற கடை. பெயரில்தான் மெட்ராஸ், நடத்துகிறவர்கள் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள். அதே ரகத்தில் இன்னும் சில கடைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. நாம் சும்மா 'நம்ம சாப்பாடு' என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சண்முகானந்தா சபாவின் பழைய ரசிகர். 1963-ல் அரங்கு திறந்தது, 1990-ல் தீப்பிடித்தது, 1998-ல் மறுபடி திறந்தது என்று ஆண்டு தவறாமல் சொன்னார். தீக்குப் பிறகு கச்சேரி கேட்க அலைந்த எட்டு வருடத்தைச் சொந்த வீட்டை இழந்தவர் போலச் சொன்னார். பிறகு என்னைப் பற்றிய விசாரணை. எந்த ஊர் என்று முதலில். பாளையங்கோட்டையில் எந்தத் தெரு என்று அடுத்ததாக. அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி தமிழருக்கு விளங்கும். தெருப் பெயரைச் சொன்னேன். பேச்சு இசையிலிருந்து மழைக்குப் போனது. தாராவியிலும் சந்துக்குச் சந்து இந்தக் கணக்கு உண்டு என்பதால் மாட்டுங்காவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"தாராவிக்குப் போயிருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இதோ பக்கத்துலதானே இருக்கு. போனதில்லே. நாயகன் பாத்திருக்கேன்."

1987-ல் வந்த அந்தப் படத்தின் தாராவியில் பெரும்பகுதி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அதை அவரிடம் சொல்லவில்லை.

செம்பூரில் எல்லாரும் 'சார்' என்றார்கள். அங்கே எனக்குச் சொல்ல அதிகமில்லை. ராஜ்கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த இடத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சாயங்காலம் செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் ஏறி, பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். நண்பரின் மகள் துணைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. காலையிலிருந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அண்ணாச்சின்னா என்ன அங்கிள்?" என்றாள். சாரும் போய்விட்டது.

"அண்ணன்தான். கூட ஒரு மரியாதை, கூட ஒரு ஒட்டுதல்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ரெண்டு தடவை அண்ணா சொல்ற மாதிரியா? அண்ணாபாவ்னு மராத்தி பாடத்துல ஒருத்தர் வருவார், அந்த மாதிரி?"

அவர் குடியிருந்த இடத்தின் ஓரமாகத்தான் காலையில் நடந்து வந்தேன் என்று சொன்னேன். நம்பவில்லை. ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, லேபர் கேம்ப்பிலிருந்து தன் வீட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

கீழே தேங்காய்க்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஹார்பர் லைனில் வடாலா போகிற வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

(பயணம் தொடரும்)