மந்திர் இல்லே, கோபர்!

மதுராவில் இறங்கிய அரை மணி நேரத்தில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது.

எல்.டி.சி. போட்டுக் கிளம்பியவனுக்கு எதைப் பார்த்தாலும் புண்ணிய பூமிதானே! கோவர்த்தன மலையைப் பார்க்க ஆட்டோ பிடித்தேன். சுமார் 22 கிலோமீட்டர். ஊர் எல்லை தாண்டியதும், கோதுமை வயல் ஓரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் பழுப்பு நிறக் குட்டிக் கோபுரங்கள். சிலதுக்கு வைக்கோல் கூரை வேறு. சுவரெல்லாம் கொடி, இலை, கோடு என்று சித்திர வேலை. 'ஆஹா, கிராம தேவதைகள்!' என்று ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தேன்.

பதினேழாவது கும்பிடில் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்.

"பாய் ஸாப், யாரைக் கும்பிடறீங்க?"

"இந்த மந்திர்..."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மனுஷர். "மந்திர் இல்லே பாய் ஸாப்... கோபர்!"

கோபர் என்றால் சாணி. நான் பதினேழு தடவை விழுந்து விழுந்து கும்பிட்டது வரட்டிக் குடோனை!

இந்தப் பக்கம் அதற்குப் பெயர் பிட்டோரா. உள்ளே காய்ந்த வரட்டி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். வெளியே சாணியும் வைக்கோலும் குழைத்துப் பூசி, விரலாலேயே கோலம் போட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. நம்ம ஹவுசிங் போர்டு ஃபிளாட்டை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

கொத்தனார், மேஸ்திரி எல்லாம் பெண்கள்தான். ஒரு பிட்டோரா பக்கத்திலேயே ஒரு பாட்டியம்மா முழங்கை வரை சாணியோடு உட்கார்ந்திருந்தார். என் இந்தி 'பிராத்மிக்'கோடு நின்றுபோனது. ஆட்டோக்காரர்தான் துபாஷி.

"மாஜி, இது எப்படிப் பண்றீங்க?"

"இதுலே என்ன இருக்கு லல்லா? சாணி, வைக்கோல் தூள், கை. அவ்வளவுதான்."

(லல்லா என்றால் கண்ணா மாதிரி. சாட்சாத் கிருஷ்ணனையே இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு உள்ளூர ஜிலுஜிலு.)

அவ்வளவுதானா? கேளுங்கள். விடிவதற்கு முன்னே எழுந்து எருமைத் தொழுவத்தில் சாணி அள்ள வேண்டும். கூடையைத் தலையில் சுமந்து வர வேண்டும். கோதுமை வைக்கோல் தூளைப் போட்டு, சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். தூள் சேர்த்தால்தான் வரட்டி உடையாது, நெருப்பும் சீக்கிரம் பிடிக்கும். அப்புறம் உருட்டி, தட்டி, வெயிலில் வைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் நிமிர்த்தி வைத்து மறு பக்கம் காயவைக்க வேண்டும். ஈரச் சாணியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஐந்து கிலோ சுமந்தால் கையில் மிஞ்சுவது ஒரு கிலோ! மழை வருவதற்குள் வருஷத்துக்கே சேர்த்தாக வேண்டும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸ் புத்தி விடுமா?

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு மாஜி? காஸ் வாங்கிடலாமே?"

பாட்டி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் கூட்டிப் போனார். மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது காஸ் சிலிண்டர். 2016-ல் இதே உ.பி.யில் பல்லியாவில் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில், மருமகள் பேரில் வந்ததாம். விருந்தாளி வந்தால் டீ போட அது. (எனக்கும் அதில்தான் டீ. நானும் வி.ஐ.பி.!) ரொட்டி, பருப்பு, மாட்டுத் தீனி எல்லாம் வரட்டியில். முற்றத்து மண் அடுப்பில் வரட்டித் தணலில் பால் மணிக்கணக்காகச் சுண்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு என் எல்.டி.சி. பணம் முழுக்கக் கொடுக்கலாம்.

பாட்டி சிரித்தபடி சொன்னார்: "காஸ் தீர்ந்தா காசு வேணும் லல்லா. இதுக்கு என் கை போதும்."

ஆட்டோக்காரர் மொழிபெயர்த்து முடிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் அரை மணி கூட உட்கார்ந்தாலே ஓ.டி. எழுதுகிற ஜாதி நாம். அந்தக் கைக்கு யார் ஓ.டி. போட்டார்கள்? கணக்கில் வராத உழைப்பு என்பதால்தானே வரட்டி 'இலவசம்'!

சொல்லி வாய் மூடவில்லை, பாட்டிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல். வரட்டிப் புகையில் இருக்கிற நுண்தூளும் கார்பன் மோனாக்ஸைடும் வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் என்னாகும்? இதே மதுராவுக்குப் பக்கத்து ஆக்ராவில், 2015-ல் வரட்டி எரிக்கத் தடை போட்டார்கள். தாஜ்மஹால் மஞ்சளாகிறதாம்! பளிங்குக்காகச் சட்டம் வந்தது. பாட்டியின் நெஞ்சு பளிங்கில்லையே.

அந்த இருமலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். எங்க அப்பாயி. கொல்லைச் சுவர் பூரா அவள் தட்டிய வரட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பசங்க வந்தால், "அது பக்கத்து வீட்டுச் சுவர்டா" என்று கூசாமல் புளுகுவேன். அடுப்படியில் ராத்திரியெல்லாம் அவள் இருமுவாள். 'வயசாச்சு' என்று திரும்பிப் படுத்துக்கொள்வோம். ஏன் இருமுகிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான்.

சாணிக்கு வேறு வழி இல்லாமலில்லை. கோபர் காஸ் கலத்தில் போட்டால் புகையில்லாத நெருப்பும் கிடைக்கும், மிச்சம் வயலுக்கு எருவும் ஆகும். வரட்டியாக எரித்தாலோ எருவும் போச்சு, நெஞ்சும் போச்சு. ஆனால் கலத்துக்கு முதலில் பணம் வேண்டும், இடம் வேண்டும். மறுபடி அதே கதை.

கிளம்பும்போது, "நானும் ஒண்ணு தட்டட்டுமா மாஜி?" என்றேன். ஒரு உருண்டை கொடுத்தார். தட்டினேன். வட்டமாக வருவதற்குப் பதில் இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. தெருப் பெண்கள் கூடிச் சிரித்தார்கள். பாட்டி மட்டும் அதை எடுத்து வரிசையில் வைத்தார்.

"அழகில்லேன்னா என்ன லல்லா, எரியும்."

லாட்ஜில் மூன்று தடவை சோப்புப் போட்டும் கை வாசம் போகவில்லை. நாலாவது தடவை போடவும் மனசு வரவில்லை. அப்பாயி கை இப்படித்தான் மணக்கும்.