அடுத்த வருஷம்

எங்கள் கும்மிடிப்பூண்டித் தெருவில் இருக்கும் ஒரு பெண், கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்துடன் சென்ற ஜூன் மாதம் என்னிடம் வந்தாள். நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“மாமா, இந்த வருஷம் நான் சேரலை. சிப்காட்டிலே வேலைக்குக் கூப்பிடறாங்க. கடனை அடைச்சுட்டு அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன். நீங்கதான் அப்பாகிட்டே சொல்லணும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1999-ல் என் அப்பாவிடம் நானும் இதையேதான் சொன்னேன்.

அப்போது அக்கா கல்யாணக் கடன். சென்னையில் பி.ஏ. சேர இடம் கிடைத்திருந்தும், சிப்காட்டில் காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போனேன். முதல் சம்பளத்தை அம்மா சாமி படத்தின் முன் வைத்தாள். மறு வருஷம் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது போன வருஷத்துக் கடிதம், தம்பி” என்றார். பிறகு மாலைக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். ஷிப்ட் மாறியதும் அதுவும் நின்றது.

மேல்நாட்டில் இதற்கு ஏற்பாடு உண்டு. ஒபாமாவின் மூத்த மகள் 2016-ல் ஹார்வர்டில் இடம் பெற்று, 2017-ல்தான் போய்ச் சேர்ந்தாள். இடம் அவளுக்காகக் காத்திருந்தது. நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்விலோ, குறித்த நாளில் சேராவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும்.

நம்மவர் ஒருவருக்கும் இடம் காத்திருந்ததுண்டு. 1913-ல் கேம்பிரிட்ஜுக்கு வரும்படி ஹார்டி அழைத்தபோது, ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா. கடல் கடக்கத் தயங்கி மறுத்துவிட்டார். ஹார்டி விடவில்லை. சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்பவர் மூலம் மறுபடியும் அழைத்தார். இடைக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித் தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். அவரை மறக்காமல் அங்கே ஒருவர் இருந்தார். எங்கள் தெருப் பெண்ணை அடுத்த ஜூனில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

“அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருமே” என்றேன்.

“அது வட்டிக்கே காணாது, மாமா.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை அவள் அப்பாவைப் பார்த்தேன். அவள் சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. “தள்ளிப் போடுவதென்றால் கடனைத் தள்ளிப் போடப் பார்ப்போம்” என்றேன். இருவரும் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர் ஆறு மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் நான் கையெழுத்தும் போட வேண்டியதாயிற்று.

கல்லூரி திறந்த அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். இங்கிருந்தே புறப்படுகிற வண்டி. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவே பொன்னேரியில் ஏறினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

ஆறு மாதம் கழித்து என்ன செய்வது என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.