தடுப்பாட்டத்தின் அளவு

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த சமவெளியில் கல்லூரி மாணவர் கூடைப்பந்து ஆடும்பொழுது, பந்தைக் கூடையில் இடுபவனுக்கே கைதட்டல் மிகுதி. எதிரியின் முன் கை உயர்த்தி நிற்பவனைக் கவனிப்பார் சிலரே.

போட்டியிடும் இரு கல்லூரிகளுள் எதன் காவல் சிறந்தது? குறைந்த புள்ளி கொடுத்த அணியே என்பர் பலர். அது முற்றும் சரியன்று. கோட்டையின் உறுதியை அறிய, அதன்மேல் நிகழ்ந்த தாக்குதல்களையும் எண்ண வேண்டுமன்றோ? எதிரி 56 முறை பந்தோடு வந்தபோது ஓர் அணி 56 புள்ளி இழந்தது. 80 முறை வந்தபோது மற்றோர் அணி 60 இழந்தது எனக் கொண்டால், முன்னது வரவுக்கு ஒரு புள்ளியும் பின்னது முக்கால் புள்ளியுமே விட்டன. முன்னது பந்தை நெடுநேரம் தன்னிடமே வைத்து ஆட்டத்தை மெதுவாக்கியிருக்கலாம். 24 வினாடிக்குள் எறியவேண்டும் என்னும் இன்றைய விதியும் இவ்வேறுபாட்டை முழுதும் போக்கிவிடவில்லை.

புள்ளிப்பலகையில் ஏறாத திறமும் உண்டு. 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் வாகை சூடியது சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி. அதன் பெருவீரர் பில் ரசல், தடுத்த பந்தைத் தம் தோழரை நோக்கித் தட்டிவிடுவதில் வல்லவர். எல்லைக்கு வெளியே ஓங்கி அடித்தால் ஆரவாரம் எழும். பந்தோ மீண்டும் எதிரிக்கே சேரும்.